மாமியாரின் ‘ஹோமியோபதியா?’வும் கல்லூரியின் ‘ஏன் டி.ஓ.?’வும்

கேள்வி:

டாக்டர், நாங்கள் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். என் மகள் போன வருடம் எம்.டி. கல்லூரிகளுக்கு மட்டும் விண்ணப்பித்தாள். எங்கும் கிடைக்கவில்லை. எம்கேட் நுழைவுத் தேர்வில் 505, ஜி.பி.ஏ. (கல்லூரி மதிப்பெண் சராசரி) 3.55. அரங்கேற்றம் முடித்த பெண். கல்லூரி முதல் வருடம் முழுக்க முழங்கால் வலி என்று பிசியோதெரபிக்கு அலைந்தாள், அந்த வருட மதிப்பெண்தான் அடிவாங்கியது. இந்த முறை ஆலோசகர் சொன்னதால் டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கும் போட்டாள். இரண்டு இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது, ஒன்று ஜூமில், ஒன்று நேரில். ‘ஏன் டி.ஓ.?’ என்று கட்டாயம் கேட்பார்களாம். என்ன சொல்வதென்று தெரியாமல் முழிக்கிறாள். கும்பகோணத்தில் மாமியாரிடம் சொன்னால் ‘ஹோமியோபதியா?’ என்கிறார். இது முழு டாக்டர் படிப்புதானா? இன்னும் ஒரு வருடம் காத்திருந்து எம்.டி.க்கே போகலாமா? இப்போதைக்கு சொந்தக்காரர்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

– ஒரு தாய், எடிசன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாமியாரை முடித்துவிடுவோம், அதுதான் சுலபம்.

ஹோமியோபதிக்கும் இதற்கும் பெயரின் வாலைத் தவிர எந்த உறவும் இல்லை. அமெரிக்காவில் டி.ஓ. என்பது நான்கு வருட முழு மருத்துவப் படிப்பு. எம்.டி. மாணவர்கள் படிக்கும் அதே உடற்கூறு, அதே மருந்தியல், அதே அறுவை சிகிச்சை, அதே பிரசவ வார்டு. கூடவே கைகளால் தொட்டுப் பார்த்துச் சரிசெய்யும் சிகிச்சை ஒன்று, சுமார் 200 மணி நேரம். படித்து முடித்து ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியும் செய்தால் 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 2020 ஜூலையிலிருந்து எம்.டி., டி.ஓ. இருவருக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. மாமியாருக்கு இவ்வளவு வேண்டாம். 2018 முதல் வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபரின் மருத்துவராக அடுத்தடுத்து வந்த மூன்று பேரும் டி.ஓ.க்கள் என்று சொல்லுங்கள். கும்பகோணம் அடங்கிவிடும்.

குழப்பத்துக்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. நம்மூரில் எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ்.க்கு மேல் படிப்பது. இங்கே அது அடிப்படைப் பட்டம். ஆகவே ‘எம்.டி. இல்லையாம்’ என்று காதில் விழுந்தால் ஊரில் வேறு மாதிரி கேட்கும். அப்புறம், இங்கிலாந்தில் ஆஸ்டியோபாத் என்றால் மருந்து எழுதாமல் கைகளால் மட்டும் சிகிச்சை செய்பவர். உங்கள் மைத்துனர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு ‘இது டாக்டரே இல்லையாமே’ என்று போன் செய்தால், அவர் படித்தது இங்கிலாந்துக் கதை.

‘புத்தூர் கட்டு மாதிரியா?’ என்று கேட்பவர்களை மட்டும் நான் கோபித்துக்கொள்வதில்லை. இதைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், ‘மின்னல் வேக எலும்பு கட்டுபவர்’ என்று தன்னையே விளம்பரம் செய்துகொண்ட காலம் உண்டு. 1864-இல் மூளைக்காய்ச்சலில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அன்றைய வைத்தியம் என்பது பாதரச மருந்தும் ரத்தம் வடிப்பதும். அதில் நம்பிக்கை விட்டுப்போய், எலும்பும் தசையும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் உடம்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று 1874-இல் அறிவித்தார். 1892-இல் மிசூரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரி. அந்த முதல் வகுப்பிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டார். ஸ்டில் சொன்னதெல்லாம் சரியில்லை. மருந்தே வேண்டாம் என்றார், அதை அவர் வாரிசுகளே கைவிட்டார்கள். மண்டையோட்டு எலும்புகளை மெல்லத் தொட்டு அசைத்துக் குணப்படுத்துவதாகச் சொல்லும் ஒரு பிரிவு இன்றும் பாடத்தில் இருக்கிறது. தேர்வுக்காகப் படித்தேன், நோயாளியிடம் ஒருநாளும் செய்ததில்லை.

சரி, உங்கள் பெண்ணுக்கு வருவோம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசி வரியில்தான் சிக்கல் இருக்கிறது. ‘யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று வீட்டில் சொல்லி வளர்த்த ஒரு விஷயத்தை, முன்பின் தெரியாத இரண்டு பேராசிரியர்கள் முன் அவள் எப்படி முகம் மலர்ந்து பேசுவாள்? நான் ஒரு கல்லூரியின் நேர்காணல் குழுவில் ஒன்பது வருடமாக உட்கார்கிறேன். ‘கிடைக்காததால் வந்தேன்’ என்ற எண்ணம் மாணவர்களின் வாயில் வராது, கழுத்தில் வரும். அந்தக் கேள்வி வந்ததும் தோள் லேசாகத் தூக்கிக்கொள்ளும், குரல் ஒரு படி ஏறும், மனப்பாடம் தொடங்கும்.

மனப்பாடம் எது என்பதும் எங்களுக்குத் தெரியும். ‘டி.ஓ. மருத்துவம் நோயாளியை முழு மனிதராகப் பார்க்கிறது. உடல், மனம், ஆன்மா.’ காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பதினொன்றுக்குள் இதை ஆறு பேர் சொல்லியிருப்பார்கள். நான் உடனே, ‘அப்படியானால் எம்.டி. டாக்டர்கள் நோயாளியைத் துண்டு துண்டாகப் பார்க்கிறார்களா? என் கணவர் எம்.டி.தான்’ என்பேன். பாதிப் பேர் அங்கேயே வியர்த்துவிடுவார்கள். பாவமாக இருக்கும். ஆனாலும் கேட்பேன்.

நான் வியர்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு முன்னால், என் முதல் டி.ஓ. நேர்காணல். எதிரே வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர். ‘எம்.டி. கல்லூரியிலும் இடம் கிடைத்தால்?’ என்றார். ‘எனக்கு டி.ஓ. ஒன்றுதான் கனவு’ என்று கண்ணிமைக்காமல் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என் கட்டுரையை என் பக்கம் திருப்பி, பென்சிலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். ‘என் எம்.டி. பட்டத்தைப் பெற்ற பின்’ என்று எழுதியிருந்தது. இரண்டு விண்ணப்பத்துக்கும் ஒரே கட்டுரையை ஒட்டியிருந்தேன், அந்த இரண்டு எழுத்தை மாற்ற மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கவும் கூடாது. என்னை மடக்கியது அந்த எழுத்துப்பிழை இல்லை, அதற்கு முந்தைய நிமிடம் நான் சொன்ன பொய்.

ஆகவே இன்று ராத்திரியே செய்ய வேண்டிய முதல் வேலை: மகள் ஏகோமாஸ் (டி.ஓ. கல்லூரிகளுக்கான பொது) விண்ணப்பத்தில் போட்ட அந்த 5,300 எழுத்துக் கட்டுரையை அச்செடுத்து, பேனாவோடு உட்கார்ந்து படிக்கட்டும். கல்லூரிகள் தனியாகக் கேட்ட செகண்டரி கட்டுரைகளையும் சேர்த்து. அனுப்பிய கட்டுரையைத் திருத்த முடியாது. ஆனால் தான் என்ன எழுதினோம் என்று தெரியாமல் போய் உட்காரக் கூடாது. எதிரே இருப்பவர் நேற்று இரவுதான் அதைப் படித்திருப்பார். சில கல்லூரிகளில் விண்ணப்பத்தையே பார்க்காமல் வருவார்கள், அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எந்த வகை என்று அழைப்புக் கடிதத்திலேயே பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம், தப்பில்லை.

‘போன வருடம் எம்.டி.க்கு மட்டும் விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை’ என்பதைத் தாராளமாகச் சொல்லலாம். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் இரண்டுக்கும் விண்ணப்பித்தவர்கள்தான், அது எங்களுக்குத் தெரியாத ரகசியமில்லை. அந்த வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம் என்ன என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ‘அதற்குப் பிறகு ஒரு டி.ஓ. டாக்டரிடம் போய் நின்று பார்த்தேன், அங்கே இதைக் கண்டேன்’ என்று வந்தால், நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன்.

உங்கள் கடிதத்தில் அவள் டி.ஓ. டாக்டர் யாரிடமாவது ஷேடோ செய்ததாக, அதாவது பக்கத்தில் நின்று அவர் வேலையைப் பார்த்ததாக, ஒரு வரி கூட இல்லை. செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இது பெரிய ஓட்டை, ஆனால் அடைக்கக்கூடியது. பல கல்லூரிகள் டி.ஓ. ஒருவரின் சிபாரிசுக் கடிதத்தை விரும்புகின்றன, சில கட்டாயமாகவே கேட்கின்றன. அமெரிக்கன் ஆஸ்டியோபதிக் அசோசியேஷன் இணையதளத்தில் ஊர்வாரியாக டாக்டர்களைத் தேடலாம். உங்கள் மாநிலத்திலேயே, ஸ்ட்ராட்ஃபோர்டில், ரோவன் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டியோபதிக் கல்லூரி இருக்கிறது. நாலு பேருக்கு மின்னஞ்சல் போட்டால் ஒருவராவது வரச் சொல்வார். இரண்டு மதியம் போதும். ஆனால் கைகளால் செய்யும் அந்தச் சிகிச்சையைத் தரும் டாக்டராகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள், ஏனென்றால் டி.ஓ.க்களில் பெரும்பாலோர் அதை அன்றாடம் செய்வதில்லை. இந்த உண்மையும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

என்ன பார்ப்பாள்? போன வாரம் என்னிடம் வந்தவரைச் சொல்கிறேன். லாரி ஓட்டுபவர், ஐம்பது வயது, நாளெல்லாம் உட்கார்ந்த வேலை. இடுப்பின் வலது பக்கம் வலி, காலையில் எழுந்தால் நிமிர முடியவில்லை. வலி முதுகில், ஆனால் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து அடிவயிற்றின் வலது ஓரம், இடுப்பெலும்பு முனைக்குச் சற்று உள்ளே விரலால் அழுத்தினேன். துள்ளிவிட்டார். உட்கார்ந்தே இருப்பதால் இறுகிப்போன தசை அங்கேதான் ஓடுகிறது. ‘இந்த வலியை பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி, விரலை எடுக்காமல், இரண்டு முழங்காலையும் மடக்கி மார்பை நோக்கிக் கொண்டுபோய், சற்று வலப்பக்கம் சாய்த்தேன். ‘இப்போது?’ ‘ஏழு.’ இன்னும் கொஞ்சம். ‘மூன்று.’ அப்படியே 90 விநாடி. அறையில் சத்தமே இல்லை. என் விரலின் கீழே தசை வெண்ணெய் மாதிரி இளகுவது எனக்குத் தெரிந்தது. மெதுவாக, மிக மெதுவாகக் காலை இறக்கினேன், அவசரப்பட்டால் தசை பழையபடி பிடித்துக்கொள்ளும். எழுந்து நின்று இரண்டு எட்டு நடந்துவிட்டு, ‘முதுகு வலி என்று வந்தால் வயிற்றை அமுக்குகிறீர்களே’ என்று சிரித்தார். அதோடு அனுப்பிவிடவில்லை. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, அதற்கு மாத்திரையும் எழுதினேன். டி.ஓ. என்பது இந்த இரண்டும் ஒரே அறையில் நடப்பது. இதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவள் ‘உடல், மனம், ஆன்மா’ என்று ஒப்பிக்க மாட்டாள்.

இன்னொன்று. முழங்கால் வலியை மதிப்பெண் குறைந்ததற்கான சாக்காக எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதுதான் உங்கள் கடிதத்திலேயே உபயோகமான வரியாகப் பட்டது. அரைமண்டியில் பாதம் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திறக்காத பிள்ளைகள் முழங்காலைத் திருகி அதை ஈடுகட்டுவார்கள். வலிக்கிற இடம் முழங்கால், கோளாறு இருக்கிற இடம் இடுப்பு. உங்கள் பெண்ணுக்கு நடந்தது இதுதானா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அந்த பிசியோதெரபிஸ்ட் என்ன கண்டுபிடித்தார், எந்தப் பயிற்சியில் குறைந்தது, நட்டுவனார் என்ன சொன்னார் என்று அவளையே கேளுங்கள். இதுவாக இருந்தால், அமைப்பும் செயல்பாடும் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற ஆஸ்டியோபதியின் அடிப்படைப் பாடத்தைத் தன் காலிலேயே படித்திருக்கிறாள். இல்லாவிட்டால் கதை கட்ட வேண்டாம். கட்டிய கதை இரண்டாவது கேள்வியில் சரிந்துவிடும்.

நேரில் நடக்கும் நேர்காணலை எம்.எம்.ஐ. முறையில், அதாவது அறை அறையாகப் பல குட்டி நேர்காணல்களாக, வைத்தால் அதற்குத் தனி பழக்கம் வேண்டும். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சூழ்நிலை ஒட்டியிருக்கும். இரண்டு நிமிடம் போலப் படித்துவிட்டு உள்ளே போய் ஏழெட்டு நிமிடம் பேச வேண்டும். மணி அடிக்கும், அடுத்த அறை. ‘உன் தோழி தேர்வில் காப்பி அடிப்பதைப் பார்க்கிறாய், என்ன செய்வாய்?’ என்பது மாதிரி. நம் பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: ‘பேராசிரியரிடம் புகார் செய்வேன்.’ வீட்டில் கேள்வி கேட்டதும் பதில் சொல்லிப் பழகியதன் விளைவு. உண்மையில் பார்த்தேனா, அப்படித் தோன்றியதா? முதலில் அவளிடம் பேசுவேனா? பேசியும் மறுத்தால்? இப்படிச் சத்தமாக யோசிப்பதைத்தான் கேட்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அறையில் சொதப்பினால் அடுத்த அறையில் இருப்பவருக்கு அது தெரியாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

ஜூம் நேர்காணலுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் அடுத்த அறையில் கூட இருக்காதீர்கள். ஒருமுறை நான் கேள்வி கேட்டபோது, மாணவனுக்கு முன்னால் கதவுக்குப் பின்னாலிருந்து தமிழில் பதில் வந்தது. எனக்குத் தமிழ் தெரியும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

‘உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்று கடைசியில் கேட்பார்கள். அங்கேதான் நீங்கள் பயப்படும் விஷயங்களுக்கெல்லாம் விடை இருக்கிறது. ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் பலவற்றுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மூன்றாம், நான்காம் வருடம் எங்கே அனுப்புகிறார்கள், ஒரே ஊரிலா, ஆறு வாரத்துக்கு ஒருமுறை காரில் பெட்டி படுக்கையைத் தூக்கிப் போட வேண்டுமா என்று கேட்கட்டும். கடந்த மூன்று வருடங்களில் யார் யார் எந்த ரெசிடென்சிக்குப் போனார்கள் என்று கேட்கட்டும். புதிதாகத் தொடங்கிய கல்லூரி என்றால், முதல் தொகுதி பட்டம் பெற்றுவிட்டதா, முழு அங்கீகாரம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். டி.ஓ. மாணவர்களுக்கு காம்லெக்ஸ் என்ற உரிமத் தேர்வு கட்டாயம். பலர் ரெசிடென்சிக்காக எம்.டி. மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வையும் சேர்த்து எழுதுகிறார்கள், அதாவது இரட்டைச் செலவு, இரட்டைத் தூக்கமின்மை. அதற்குக் கல்லூரி நேரம் ஒதுக்குகிறதா என்பதும் நல்ல கேள்வி.

பணத்தை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற அரசுக் கல்விக் கடன் கிடையாது. மருத்துவ மாணவர்களுக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. தனியார் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் படிப்புக் கட்டணம் மட்டுமே அதைத் தாண்டுகிறது, சாப்பாடும் வாடகையும் தனி. மீதிக்கு என்ன வழி என்று இப்போதே கணக்குப் போடுங்கள். இடம் கிடைத்தால் முன்பணமும் கேட்பார்கள், ஆயிரம் இரண்டாயிரம் டாலர் சாதாரணம், பெரும்பாலும் திரும்பாது.

இன்னொரு வருடம் காத்திருக்கலாமா? எம்.டி. கல்லூரிகளில் சேருபவர்களின் சராசரி எம்கேட் 512-ஐ ஒட்டி இருக்கிறது. டி.ஓ.வில் 504-ஐ ஒட்டி. உங்கள் பெண் 505. இன்னொரு வருடத்தில் எம்கேட் ஆறேழு புள்ளி ஏறும் என்பதற்கு உறுதியான காரணம் இருந்தால் யோசிக்கலாம், ‘முயன்று பார்ப்போமே’ என்பது காரணமில்லை. மூளை அறுவை சிகிச்சை, தோல் மருத்துவம், பிளாஸ்டிக் சர்ஜரி என்று அவள் மனதில் இருந்தால், டி.ஓ. வழியாக அங்கே போவது இன்றும் கடினம், மறைக்க மாட்டேன். குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை நலம், மனநலம், அவசரப் பிரிவு என்றால் காத்திருப்பதில் எனக்கு ஒரு லாபமும் தெரியவில்லை. என் சொந்தக் கருத்து: இடம் கிடைத்தால் சேரட்டும். கிடைத்த இடத்தை உதறிவிட்டு மறுபடி வரிசையில் நிற்பவரைப் பார்த்தால் எந்தக் குழுவுக்கும் ஒரு கேள்வி எழும்.

இந்தக் கல்லூரிகள் விண்ணப்பங்கள் வரவர அவ்வப்போதே முடிவு சொல்லி இடங்களை நிரப்பிக்கொண்டே போகும். அதனால் ஷேடோவை நேர்காணலுக்கு முன்பே முடிக்கப் பாருங்கள். நேர்காணல் முடிந்த மறுநாள், அதை நடத்தியவருக்கு நாலு வரி நன்றி மின்னஞ்சல் அனுப்பட்டும், பேசிய விஷயம் ஒன்றைக் குறிப்பிட்டு.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு போன். ஸ்பீக்கரில், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கும்பகோணத்துக்கு. ‘ஹோமியோபதி இல்லை அத்தை’ என்று நீங்கள் தொடங்கி வையுங்கள், மீதியை அவள் விளக்கட்டும். ஒரு பாட்டிக்குப் புரியும்படி ‘ஏன் டி.ஓ.’ என்று தமிழில் சொல்லத் தெரிந்துவிட்டால், ஆங்கிலத்தில் ஒரு பேராசிரியருக்குச் சொல்வது பெரிய விஷயமில்லை. பாட்டிகள் எங்களை விடக் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்.

நேர்காணல் முடிந்து காரில் ஏறியதும் ‘என்ன கேட்டாங்க?’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று பல இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அதற்கு அனுமதி உண்டு.